கட்டக்கோரை

மெட்ஃபார்மினில் மீன் வாடை அடிக்கிறதாம்.
ராமநாதபுரம் டவுனில்
மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குகிறார்கள் என்று
மருந்து எடுத்துக் கொடுக்கும் மர்ஜானா சிரித்தாள்.
அட்டையை முகர்ந்து பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
சின்னப்பாலத்தில் எந்தப் பொருளுக்குத்தான்
அந்த வாடை இல்லை.

மாதத்தில் பன்னிரண்டு நாள் கடல்.
முப்பது நாளும் மாத்திரை.

இது உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டேன்.
பாசி நிறுக்கிறவனையே
தராசைத் திருப்பிக் காட்டச் சொல்கிறவள் நான்.
"ஈரல் இருக்குல்லக்கா,
நீங்க பட்டினியாப் படுத்தாலும்
அது தானாச் சர்க்கரை செஞ்சு
ரத்தத்துல எறக்கிட்டே இருக்கும்.
இது போய்க் கொறைச்சுக்கோன்னு சொல்லும்."
ஆக, எனக்குள்ளேயே ஒருத்தி
ராத்திரி முழுக்கப் பாகு காய்ச்சுகிறாள்,
என்னைக் கேட்காமல்.
அவள் அடுப்பில் தீயைத் தணிக்கத்தான்
இரண்டு வேளை.

சின்ன மாத்திரை, கிளிமெப்ரைடு, அது வேறு ரகம்.
கணையத்தைப் பிடித்து உலுக்கும்,
இருக்கிற இன்சுலினை இறக்கு, இறக்கு என்று.
வயிற்றில் சோறு கிடக்கிறதா என
எட்டிப் பார்க்க அதற்குத் தெரியாது.
இதையும் மர்ஜானா சொல்லியிருந்தாள்.
நான்தான்
மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு
கஞ்சியைத் தூக்குவாளியோடு மறந்துவிட்டு
வல்லத்தில் ஏறினேன்.

மூன்றாம் முக்குளிப்பில்
கண்ணாடிக்குள் கடல் இரண்டாகத் தெரிந்தது.
தண்ணீருக்குள் வேர்த்தது எனக்கு.
யாரிடம் சொல்லி நம்பவைப்பது.
முத்திருளாயி கொண்டையைப் பிடித்து இழுத்துப்போட்டு
கன்னத்துக்குள் ஆரஞ்சு மிட்டாயைத் திணித்தாள்,
அவள் பேத்திக்கு வாங்கியது,
ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.
பத்து வருஷமாகத் தொடாத இனிப்பு.
பாசி மூட்டைமேல் குப்புறக் கிடந்து
திருடித் தின்கிற பிள்ளை மாதிரி சப்பினேன்.
கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் ஒன்றானது.

கால் விஷயம் அதற்கப்புறம்.
செருப்பைக் கயிறு போட்டுக் கட்டித்தான் இறங்கினேன்.
பார் கிழித்தது தெரியவில்லை.
வீட்டுச் சிமெண்டுத் தரையில்
என் நடை சிவப்பாகப் பின்னாலேயே வந்ததை
மகன்தான் பார்த்துக் கத்தினான்.
வலிக்கவே இல்லைடா என்றேன்.
அதுதான் வியாதி என்றார்கள்
பெரிய ஆஸ்பத்திரியில்.

இனிமேல் ஊசி.
அதட்டி அதட்டிக் கணையம் அலுத்துவிட்டது,
வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.
வயிற்று மடிப்பில், என் கையாலேயே.
வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.
ஐஸ் பெட்டிக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை,
ஆனால் ஐஸ் பட்டு உறைந்தால்
இன்சுலின் செத்துவிடுமாம்.
மீனுக்கு ஒரு குளிர், மருந்துக்கு ஒரு குளிர்.
மண்பானை, ஈர மணல், நடுவில் குப்பி.
மகன் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறான்,
முளைக்கப் போகிறது பார் என்கிறான்.

ஒன்பதாம் நாள் கட்டுப் பிரித்தபோது
நர்ஸ் வெள்ளையாக ஒன்றை எடுத்தாள்.
பஞ்சு மாதிரி, பஞ்சும் இல்லை.
புண்ணின் நீரைக் குடித்துக் குடித்துக்
கூழாகி அதிலேயே படிந்தது.
இது எதில் செய்தது?
உறையைத் திருப்பினாள்.
"கடல்பாசிச் சத்தும்மா. பழுப்புப் பாசி."

பழுப்பு என்றால் எங்களுக்குக் கட்டக்கோரை.
குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
வனத்துறைப் படகின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி
விரலில் துணி சுற்றிப் பிடுங்கி,
மணலில் உதறிக் காயவைத்து,
சாக்குச் சாக்காகப் போட்டது.
எந்த லாரியில் ஏறி எங்கே போச்சோ.
இதுவே அதுவென்று சொல்ல மாட்டேன்.

இந்தத் துண்டு என்ன விலை?
சொன்னாள்.
விரல் மடக்கிப் பார்த்தேன்,
ஒரு கை போதவில்லை,
மறு கையையும் எடுத்தேன்.

"வலிக்குதாம்மா?"
லேசாக, என்றேன்.
நல்லது, நல்லது என்று
அட்டையில் எழுதிக்கொண்டாள்.